ஆணியில் தொங்க வேண்டிய சாவி

லாயத்தக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் தெரிவது குதிரைகளுக்குத்தான். ஊரில் மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் கை வேகமாகும், வாய் வேகமாகும். அவளுக்குக் கை மெதுவாகிவிடும். தேய்க்கிற பிரஷ் குதிரை முதுகில் ஒரு சாண் தூரம் நகர ஒரு யுகம் ஆகும். குதிரையும் காதைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, இன்றைக்கு யாரோ தொலைந்தார்கள் என்று அசையாமல் நிற்கும். அந்தப் பள்ளிக்கூடத்துக் குதிரைப் பயிற்சி நிலையத்தில் அந்த ஒரு வருஷம், பள்ளி திறந்த நாளிலிருந்து ஆண்டு விழா வரைக்கும், பதினொரு குதிரைகளும் காதைச் சாய்த்தபடியேதான் நின்றன.

அவளுக்கு என்ன படிப்பு என்று கேட்டால் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதியில் நின்றவள். இருபத்தேழு வயதில் குதிரை லத்தி அள்ளுகிற வேலைக்கு வந்தாள். ஒரு கூடை, ஒரு வாரியல், ஒரு பழைய ரப்பர் செருப்பு. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தாள், தொட்டாள், மிதி வாங்கினாள், கற்றுக்கொண்டாள். முப்பத்தொரு வருஷம் கழித்து லாயத்துக்கே தலைவி அவள்தான். குளம்பைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்வாள். இருமலைக் கேட்டால் தூசியா சளியா என்று பிரித்துவிடுவாள். குதிரைக்குப் பக்கத்தில் நிற்கத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் பத்துப் பேர் இருந்தால் அதில் இவள் ஒருத்தி. மிச்ச ஒன்பது பேரை நான் பார்த்ததில்லை.

பட்டம் வாங்கியவர்கள் வந்தார்கள், போனார்கள். மூன்று பயிற்சிப் பொறுப்பாளர்கள் மாறினார்கள். லாயத்தக்கா மாறவில்லை. லாயத்துக் கடைசியில் இருக்கும் தீவன அறையின் வழக்கமும் மாறவில்லை.

அந்த வழக்கத்தைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். தீவன அறைக் கதவுக்கு வலது பக்கம் ஒரு கறுப்புப் பலகை. அதில் பதினொரு குதிரைகளுக்கும் பதினொரு கட்டம். எழுத்து கிடையாது, கோடு மட்டும்தான். ஒரு குதிரை அரை மணி நேரம் வேலை செய்தால் ஒரு கோடு. தாண்டல் வேலை என்றால் கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோடு. சாயங்காலம் கோட்டை எண்ணித்தான் தானியம் அளப்பாள். ஆறு கோடு போட்டவனுக்கு நிறைய, ஒரு கோடு போட்டவனுக்குக் கொஞ்சம், சும்மா நின்றவனுக்குப் புல்லும் தண்ணியும். "உழைச்சதுக்குத்தான் சோறு. இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் இல்ல, நாலு காலுக்கும் அதான் சட்டம்" என்பாள். அளந்து முடித்ததும் ஈரத் துணியால் பலகையைத் துடைத்துவிடுவாள். இன்றைய வேலை இன்றோடு சரி.

பலகைக்கு மேலே ஓர் ஆணி. தீவன அறைச் சாவி அதில் தொங்கும். அது யார் பையிலும் போனதில்லை, யார் இடுப்பிலும் ஏறியதில்லை. எந்த நேரத்தில் எந்தக் குதிரைக்கு என்ன வேண்டியிருக்கும் என்று யார் கண்டது? எலிக்குத்தான் பூட்டே தவிர மனுஷனுக்கு இல்லை.

புதுப் பொறுப்பாளர் வந்தது பள்ளி திறந்த அன்றைக்கு. நாற்பது வயது, கத்தி மாதிரி மடிப்பு வைத்த கால்சட்டை, கழுத்தில் ஒரு விசில். பிள்ளைகள் முதல் நாளே 'விசில் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கையில் நாலு கலரில் அச்சடித்த பெரிய தாள் ஒன்று கொண்டு வந்திருந்தார். வருஷம் முழுக்க என்னென்ன நடக்கும் என்று அதில் இருந்தது. முதல் பருவம் ஏறி இறங்கப் பழகுவது, நடை, லாயப் பராமரிப்பு. பருவக் கடைசியில் பள்ளிகளுக்கிடையே போட்டி. இரண்டாம் பருவம் ஓட்டம், சிறு தாண்டல். மூன்றாம் பருவம் பெரிய தாண்டல், ஆண்டு விழாவில் பெற்றோர் முன்னால் அணிவகுப்பு. தாளின் அடியில் சிவப்பில் ஒரு கட்டம்: எல்லாக் குதிரைக்கும் தினமும் ஒரே அளவு தானியம்.

"இந்தக் கட்டம் மட்டும் தப்பு சார்" என்றாள் லாயத்தக்கா.

"எது தப்பு?"

"ஒரே அளவு. எல்லாரும் ஒரே வேலையா செய்யறாங்க?"

"டிசிப்ளின்னு ஒண்ணு இருக்கும்மா. எல்லாருக்கும் ஒரே யூனிபார்ம், ஒரே பெல்லு, ஒரே அளவு."

"யூனிபார்மை யாரும் திங்கறதில்லையே சார்" என்றாள்.

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதுதான் அவள் செய்த தப்பு என்று அவள் புருஷன் பின்னால் சொன்னார். பிள்ளைகள் முன்னால் சிரிக்க வைத்தால் வாத்தியார் எவரும் மன்னிக்க மாட்டார்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. லாயத்தில் மூத்தவள் சீமாட்டி. பத்தொன்பது வயது வெள்ளைப் பெண்குதிரை, புதுப் பிள்ளைகள் எல்லாரும் முதலில் ஏறுவது அவள் மேல்தான். அவளிடம் ஒரு திருட்டுத்தனம் உண்டு. சேணத்தை வைத்து வயிற்று வாரை இழுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்வாள். இழுக்கிறவன் இறுக்கிவிட்டோம் என்று நினைத்துக் கையை எடுப்பான். அப்புறம் மெல்ல மூச்சை விடுவாள், வார் தொளதொளக்கும், சேணம் வயிற்றுக்கு அடியில் போகும், மேலே இருந்தவர் மண்ணுக்குப் போவார். விசில் சார் தன் கையால் வாரை இழுத்து, "ஏறு" என்று விசிலடித்தார். லாயத்தக்கா குறுக்கே வந்து வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே கையை நுழைத்தாள். முழு முஷ்டி போனது.

"பத்து அடி நடக்க வச்சு இன்னொரு தரம் இழுக்கணும் சார். நீங்க இழுக்கறப்ப இவ மூச்சைப் பிடிச்சிருந்தா."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி."

அவருக்குத் தெரியாது. தெரியாது என்பது அங்கே நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

முதல் பருவம் இப்படி உரசிக்கொண்டே ஓடியது. அவர் ஒரே அளவு என்பார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பலகையைப் பார்த்து அளப்பாள். போட்டி நெருங்க நெருங்க வேலை ஏறியது. ஐந்து குதிரைகள் காலையும் மாலையும் ஓட்டம். 'இடி' என்ற கறுப்புக் குதிரைக்கு மட்டும் ஒரு நாளைக்குப் பத்துக் கோடு. அவள் கை தாராளமாக அளந்தது. போட்டியில் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கோப்பை. விசில் சார் கோப்பையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். லாயத்தக்கா குதிரையைப் பிடித்துக்கொண்டாள். போட்டோவில் அவள் வலது கை மட்டும் விழுந்திருந்தது.

அடுத்த வாரம் தானிய மூட்டை ஆறு நாள் முன்னதாகத் தீர்ந்துபோனது.

"தாள்ல போட்ட கணக்குப்படி இன்னும் ஆறு நாள் வரணும். எங்க போச்சு?" என்றார் விசில் சார்.

"குதிரை வயித்துக்குப் போச்சு. பத்துக் கோடு ஓடினா பத்துக் கோட்டுக்குத் திங்கும்."

"எந்தக் கோடு? காட்டு."

அவள் பலகையைப் பார்த்தாள். ஈரம் காயாத கறுப்பு. துடைத்தாகிவிட்டது. முப்பத்தொரு வருஷமாகத் துடைத்தாகிவிட்டது.

மறுநாள் காலை, காலைக்கூட்டம் முடிந்து பிள்ளைகள் நாலு வரிசையில் லாயத்துக்கு வந்தபோது தீவன அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் கெட்டிப் பசை. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்துப் படித்தாள். "தானியம் களவு போவதாகச் சந்தேகம் உள்ளதால் இன்று முதல் இவ்வறை பூட்டப்படும். சாவி பயிற்சிப் பொறுப்பாளரிடம் மட்டுமே இருக்கும்." கீழே கையெழுத்து. 'களவு' என்ற இடத்தில் விரல் நின்றது. அவள் படித்து முடிக்கும் முன்னால் பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாரும் படித்துவிட்டார்கள். ஆணியில் சாவி இல்லை.

லாயத்தில் கூட வேலை செய்கிற இரண்டு ஆட்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் பிரஷ்ஷை எடுத்தாள். சீமாட்டியின் முதுகில் வைத்தாள். அன்றைக்கு அந்தப் பிரஷ் சீமாட்டியின் பிடரியிலிருந்து வால் வரைக்கும் போக எவ்வளவு நேரம் ஆனது என்று சீமாட்டிக்குத்தான் தெரியும்.

வீட்டில் முன்னறைதான் அவள் புருஷனின் தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, சுவர் முழுக்க அளவு குறித்த சீட்டுகள். குதிரைப் போர்வைகள் கிழிந்தால் அங்கேதான் வரும். அவர் மெஷினை நிறுத்தாமலே கேட்டார். "என்ன, கை இவ்வளவு மெதுவா சோறு போடுது?"

சொன்னாள்.

"நீ தானியத்தைத் திருடி என்ன பண்ணுவியாம்? எனக்குப் போடுவியா? நான் கனைக்கிறேனா?"

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலடி. விட்டுடு. உனக்கு வயசு ஐம்பத்தெட்டு. நாளைக்குப் போய் சாவியை நீயே வச்சுக்கோ சாமின்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடு."

"நான் போனா திருடிட்டுத்தான் போனான்னு ஆகும்ங்க."

மெஷின் நின்றது.

கட்டிக்கொடுத்த மகள் இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள். குரலே சரியில்லை. "அம்மா, ஸ்கூல்ல ஏதாவது பிரச்சனையா? அத்தை கேட்டாங்க. அவங்க தங்கச்சி பையன் உங்க ஸ்கூல்லதான் படிக்கிறானாம். ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களாமே?"

"உங்க அத்தை என்ன கேட்டாங்க? அதை அப்படியே சொல்லு."

"ஒண்ணும் இல்லம்மா..."

"சொல்லுடி."

"குதிரைத் தீனியைக் கூடவா எடுப்பாங்கன்னு சிரிச்சாங்க."

சம்பந்தி வீட்டுச் சிரிப்பு. லாயத்தக்கா போனை வைத்தாள். கதவில் ஒட்டிய காகிதம் பள்ளிக்கூடத்துக்குள் நிற்கவில்லை, மகள் குடியிருக்கிற வீட்டு நடுக்கூடம் வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. வேலை போவது பெரிசில்லை. அள்ளுவதற்கு எந்த ஊரிலும் லத்தி இருக்கும். பேர் ஒன்றுதான். அதை இன்னொரு தரம் சம்பாதிக்க இன்னொரு முப்பத்தொரு வருஷத்துக்கு எங்கே போவாள்? அந்தக் காகிதம், ஒட்டிய கையாலேயே கிழிய வேண்டும். அதற்கு முன்னால் அந்த லாயத்தை விட்டு ஒரு காலையும் வெளியே வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். நாளையும் எண்ணத் தொடங்கினாள். அந்தக் கணக்கை மட்டும் துடைக்கவில்லை.

தலைமை ஆசிரியையிடம் போனாள். அந்த அறையில் கண்ணாடி போட்ட பெரிய மேஜை. கண்ணாடிக்கு அடியில் குதிரைகளின் போட்டோக்கள்.

"அக்கா, சந்தேகம்னுதானே போட்டிருக்கார். உங்க பேரைப் போடலையே" என்றார் தலைமை ஆசிரியை.

"லாயத்துல தானியம் அளக்கிறது நான் ஒருத்திதானே டீச்சர். அப்புறம் பேர் எதுக்கு?"

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க. புதுசு. போகப் போகச் சரியாயிடும்."

பொறுத்துக்கொள் என்பது மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சுலபமான வார்த்தை. கீழே நிற்கிறவனுக்குத்தான் அது கனம்.

இரண்டாம் பருவம் முழுக்க விசில் சாரே கதவைத் திறந்து, தாள்படி ஒரே அளவு அளந்தார். பருவம் முடிந்ததும் இரண்டு வாரம் விடுமுறை வந்தது. விசில் சார் ஊருக்குப் போகும் முன் லாயத்து ஆள் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, அளவுச் சீட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். குதிரைகளுக்கும் விடுமுறை, நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுக்கட்டும், தானியம் ஒரு பிடி குறையக் கூடாது, குறைந்தால் நீதான் பொறுப்பு என்றார்.

"அண்ணே, சும்மா நிக்கிற குதிரைக்கு முழுத் தானியம் போடாதீங்க. சதையில விஷம் மாதிரி ஏறும்" என்றாள் லாயத்தக்கா.

அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, என்னை விட்டுடு. நாளைக்கு என் பேரையும் கதவுல ஒட்டுவாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு."

அவரைக் குறை சொல்லி என்ன? அவள் தன்னால் முடிந்ததைச் செய்தாள். தினமும் காலையில் ஒவ்வொரு குதிரையாகக் கையில் பிடித்து மைதானத்தைச் சுற்றி நடத்தினாள். பதினொரு குதிரைகள், ஒரு பொம்பளை. மூன்றாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. அப்புறம் ஆறு குதிரைகளைத்தான் நடத்த முடிந்தது. இடி நடக்காத ஐந்தில் ஒருவன்.

பள்ளி திறந்த அன்று காலையிலேயே தாள்படி தாண்டல் பயிற்சி. விசில் சார் ஓய்வெடுத்த முகத்தோடு வந்தார். குதிரைகளைப் பார்த்து, "பாத்தீங்களா, என்ன பளபளப்பு!" என்றார்.

லாயத்தக்கா அவர் முன்னால் போய் நின்றாள். "சார், கோபத்தை எல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். இன்னைக்கு நடை மட்டும் போதும். நாளைக்கும் நடை. நாலு நாள் கழிச்சு ஓட்டம். சும்மா நின்னு தின்ன குதிரையை ஓட விட்டா விழும்."

"தாள்ல தாண்டல்னு இருக்கு."

"தாளா சார் தாண்டப் போகுது?"

விசில் அடித்தது. இடியின் மேல் ரெட்டைச்சடை போட்ட ஒரு சிறுமி. நல்ல கை அவளுக்கு. இரண்டு சுற்று ஓட்டம், ஒரு சின்னத் தாண்டல். மூன்றாவது சுற்றில் இடியின் பின்னங்கால் கட்டை மாதிரி விறைத்தது. அடி குறுகியது. கழுத்து, விலா, தொடை எல்லாம் வியர்வை கொட்டியது. மைதானத்துக்கு நடுவே நட்டு வைத்த மாதிரி நின்றுவிட்டான். சிறுமியை இறக்கியது லாயத்தக்கா. வீங்கின முழங்காலோடு அவள் எப்படி ஓடினாள் என்று யாருக்கும் தெரியாது.

"வயித்து வலி! நடக்க வைங்க! நின்னா குடல் முறுக்கிக்கும்!" என்று கத்திக்கொண்டே விசில் சார் வந்தார். லகானைப் பிடித்து இழுத்தார். இடி முனகினான். ஒரு குதிரை முனகுவதை நீங்கள் கேட்டிருக்கக் கூடாது. அவர் சாட்டையை ஓங்கினார்.

லாயத்தக்கா சாட்டைக்கும் குதிரைக்கும் நடுவே நின்றாள்.

"அடிங்க. என் மேல அடிங்க. அவன் ஒரு அடி எடுத்து வச்சா நான் உங்களைச் சும்மா விட மாட்டேன்."

"உனக்கு என்ன தெரியும்? வயித்து வலின்னா நடத்தணும்!"

"வயித்து வலின்னா நடத்தணும். இது வயித்து வலி இல்ல. பின்தொடையைத் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். அம்மிக்கல் மாதிரி இருந்தது.

"பதினஞ்சு நாள் முழுத் தானியம் தின்னு, சும்மா நின்னு, திடீர்னு ஓடின உடம்பு. சதை கட்டிக்கிச்சு. இப்ப இவன் நடந்தா நடக்க நடக்கச் சதை செத்துக்கிட்டே போகும். அசையக் கூடாது. போர்வை கொண்டாங்க, தண்ணி கொண்டாங்க, டாக்டரைக் கூப்பிடுங்க!"

விசில் சாரின் கை இறங்கியது. பிள்ளைகள் ஓடினார்கள். புருஷன் தைத்துக் கொடுத்த நாலு போர்வையும் இடியின் மேல் ஏறின. இடி மூத்திரம் பெய்தான். கறுப்புக் காப்பி நிறம். அதைப் பார்த்துத்தான் விசில் சாரின் முகம் வெளுத்தது.

கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, இடியைத் தொட்டுத் தடவிவிட்டு நிமிர்ந்தார். "யார் நடக்க விடாம நிறுத்தினது?" என்றார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே திசையில் கையைக் காட்டினார்கள். "இன்னும் அம்பது அடி நடந்திருந்தா இவனைப் புதைக்கத்தான் வந்திருப்பேன். சும்மா நின்ன நாளுக்குத் தானியத்தைக் குறைக்கலையா அக்கா? நீங்களா இப்படி?"

"சாவி என்கிட்ட இல்ல டாக்டரே" என்றாள். "கதவுல ஒட்டியிருக்கு, படிங்க."

அவர் படித்தார். தலைமை ஆசிரியை தரையைப் பார்த்தார்.

மருத்துவர் எழுதிக் கொடுத்தது இதுதான்: இடிக்கு மூன்று வாரம் தானியமே கூடாது. புல் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. முதல் வேளை விடியற்காலை ஐந்து மணி. மற்ற பத்துக் குதிரைகளுக்கும் அன்றன்றைய வேலையைப் பார்த்துத் தானியம்.

சாயங்காலம் தலைமை ஆசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டார். விசில் சாரும் இருந்தார். கண்ணாடி மேஜை மேல் சாவி இருந்தது.

"எடுத்துக்கோங்க அக்கா. நடந்தது நடந்துபோச்சு. பெரிசு பண்ண வேண்டாம். பெத்தவங்க காதுக்குப் போனா ஸ்கூலுக்குத்தான் கெட்ட பேர்."

லாயத்தக்கா சாவியைத் தொடவில்லை. "ஸ்கூலுக்குப் பேர் இருக்கு. எனக்கு இல்லையா டீச்சர்?"

"அதான் சாவியைத் தர்றோமே."

"காகிதம்?"

"அதை யார் பாக்கறாங்க? மெதுவா, ஒரு நாள், யாருக்கும் தெரியாம எடுத்துடலாம்."

"ஊரே பாக்க ஒட்டினது, யாருக்கும் தெரியாம எடுப்பீங்களா?" அவள் குரல் உயரவே இல்லை. "சாவி பொறுப்பாளர்கிட்ட மட்டும்தான் இருக்கும்னு எழுதியிருக்கு. எழுதினவர் வார்த்தை பொய்யாகக் கூடாது. அவர் இடுப்புலயே இருக்கட்டும். நான் திருடின்னு சந்தேகப்பட்டவ. திருடி கையில சாவி கொடுக்கலாமா?"

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அதோடு விசில் சாரின் சனி தொடங்கியது.

புல் கட்டும் அந்தத் தீவன அறையில்தான் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கச் சாவிக்காரர் வந்தாக வேண்டும். லாயத்து ஆட்கள் இருவரும் சாவியைத் தொட மாட்டோம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். முதல் நாள் அவர் ஐந்தே காலுக்கு வந்தார். கதவின் முன்னால் லாயத்தக்கா கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"கால் மணி லேட் சார். டாக்டர் அஞ்சுன்னு எழுதியிருக்கார்."

காலை ஐந்து. ஒன்பது. மதியம் ஒரு மணி. சாயங்காலம் ஐந்து. எட்டு. வகுப்பு நடுவே ஓடி வந்தார், சாப்பாட்டை வைத்துவிட்டு ஓடி வந்தார். வீடு அரை மணி தூரம். ஞாயிற்றுக்கிழமையும் குதிரைக்கு வாய் உண்டு, எனவே ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். கால்சட்டையில் மடிப்புப் போனது, புல் ஒட்டிக்கொண்டது. கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும் என்று குதிரையைச் சொல்வார்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும்போது இனித்தவருக்கு, அந்தச் சாவியைத் திருகும்போது கசந்தது.

ஒவ்வொரு முறையும் அவள் புல்லை அள்ளியதும் கூடையை அவர் முன்னால் நீட்டுவாள்.

"பாத்துக்கோங்க சார். எடுத்தது இவ்வளவுதான். என் மடியைப் பாக்கணுமா?"

"ஏம்மா இப்படிக் கொல்றே?"

"நானா சார் எழுதினேன்?"

பத்தாம் நாள் இடி மெல்ல நடந்தான். பதினாறாம் நாள் தலையை உதறிக் கனைத்தான். விசில் சார் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றபடி தூங்கினார். பிள்ளைகள் அவரைத் தாண்டிப் போகும்போது கால் நுனியில் நடந்தார்கள். ரெட்டைச்சடை மட்டும், "சார், விசில் கீழ விழுந்துடுச்சு" என்று எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இருபதாம் நாள் விடியற்காலை, ஆட்கள் யாரும் வராத நேரம். விசில் சார் கதவைத் திறந்தார். திரும்பினார். சாவியைப் பழைய ஆணியில் மாட்டினார். அப்புறம் காகிதத்தின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினார்.

"வேண்டாம் சார்" என்றாள்.

"இதானேக்கா கேட்டீங்க?"

"ஒட்டினப்ப எத்தனை பேர் பாத்தாங்க?"

அவர் காகிதத்திலிருந்து கையை எடுத்தார்.

"நான் எண்ணினேன். நாலு வரிசை. அன்னைக்கு நான் எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள அத்தனை பிள்ளைங்களும் படிச்சு முடிச்சாங்க. அவங்க முன்னால ஒட்டினது, அவங்க முன்னாலதான் வரணும். அதுவரைக்கும் இதை ஒரு மூலைகூடக் கிளப்பாதீங்க." அவர் கிளப்பிய மூலையைத் தன் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டவைத்தாள்.

அந்த அதிசயத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? தன்னைத் திருடி என்று சொன்ன காகிதத்தைத் தானே விழாமல் காத்தாள்.

மறுநாள் ஆண்டு விழா ஒத்திகை. காலைக்கூட்டம் முடிந்து நாலு வரிசையும் லாயத்துக்கு வந்தது. விசில் சார் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கதவுக்கு முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"இந்த நோட்டீஸ் தப்பு. யாரும் தானியத்தைத் திருடல. குதிரை உழைச்சது, அதனால தின்னது. அதைப் பாக்காம எழுதினது நான்."

காகிதத்தைக் கிழித்தார். நடுப்பகுதி வந்தது. பசை கெட்டி, நாலு மூலையும் கதவிலேயே நின்றது. நகத்தால் சுரண்டினார், வரவில்லை. லாயத்தக்கா இடுப்பிலிருந்து குளம்பு சுரண்டுகிற கம்பியை எடுத்து நீட்டினாள்.

"இதால சுரண்டுங்க சார். நல்லா வரும்."

பிள்ளைகள் முன்னால் அவர் நாலு மூலையையும் சுரண்டினார். அவள் நாலாவது மூலை போகும் வரைக்கும் நின்று பார்த்தாள். எண்பத்தொன்பது நாள் அந்தக் கதவில் இருந்தது.

மகள் போன் செய்தாள். அத்தைக்கு விஷயம் போய்விட்டதாம், "பாவம், நல்ல மனுஷி" என்றார்களாம். "அப்பாடா! இனிமேயாவது விடும்மா" என்றாள் மகள். புருஷனும் ஊசியில் நூல் கோத்தபடி அதையேதான் சொன்னார்.

"எண்பத்தொன்பது நாள் அங்க தொங்கினது நான். காகிதத்தை எடுத்தா அந்த நாளை எடுத்த மாதிரி ஆகுமா?" என்றாள்.

ஆண்டு விழா அன்று மைதானத்தைச் சுற்றிப் பெற்றோர்கள். ஒலிபெருக்கியில் ஒரு வருஷத்தின் சாதனைகளை வாசித்தார்கள். இரண்டு கோப்பை, நாற்பது மாணவர்கள், பயிற்சிப் பொறுப்பாளரின் அயராத உழைப்பு. லாயத்தக்காவின் பேர் அதில் இல்லை. இருக்கும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. தீவன அறைச் சாவி ஆணியில் தொங்கியது. பலகையில் பதினொரு கட்டம், இடியின் கட்டத்தில் இரண்டே இரண்டு கோடு. இப்போதெல்லாம் துடைக்கும் முன்னால் ரெட்டைச்சடை ஒரு நோட்டில் கோடுகளைப் பார்த்து வரைந்துகொள்கிறாள். இனி எவனாவது 'காட்டு' என்று கேட்டால் காட்டலாம்.

அணிவகுப்புக்கு முன்னால் விசில் சார் லாயத்துக்கு வந்தார். சீமாட்டியின் மேல் சேணம் ஏறியிருந்தது. அவரே வாரை இழுத்திருந்தார். தள்ளி நின்று கேட்டார்.

"இப்ப சரியாக்கா?"

கேட்டது வாரையா, மற்றதையா என்று அவள் விசாரிக்கவில்லை. சீமாட்டியைப் பத்து அடி நடத்தினாள். நிறுத்தினாள். வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே கையை நுழைத்தாள். முழு முஷ்டி போனது.

"இன்னும் இல்ல சார்" என்றாள்.

வாரைப் பிடித்ததும் சீமாட்டி மறுபடி வயிற்றை உப்பினாள், லாயத்தக்கா பிடியை விடாமல் காத்திருந்தாள். அவசரமே இல்லாத கை. கடைசியில் கிழவி நீளமாக மூச்சை விட்டாள், வயிறு இறங்கியது, வார் இரண்டு துளை உள்ளே போனது. வெளியே ஒலிபெருக்கி அணிவகுப்பைக் கூப்பிட்டது. லாயத்தக்கா லகானை, சீமாட்டி மேல் ஏறக் காத்திருந்த சிறு பிள்ளையின் கையில் கொடுத்தாள், விசில் சாரைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த குதிரையிடம் போனாள். பிரஷ்ஷை எடுத்தாள். அது இன்னும் மெதுவாகத்தான் போனது.